'முதல் அச்சு' என்று எழுதிக்கொடுத்த ஓவியம்

யோகோஹாமாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: தோக்கியோ ஜிம்போச்சோவில் ஒரு பழைய அச்சோவியக் கடையில், ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயின் 'ஷிபா ஸோஜோஜி' மரஅச்சு ஓவியத்தை 3,80,000 யென்னுக்கு வாங்கினேன். ரசீதில் '1925, முதல் அச்சு' என்று எழுதிக்கொடுத்தார்கள். போன மாதம், விவரம் தெரிந்த நண்பர் அதிலுள்ள 6 மி.மீ. வட்ட முத்திரையைப் பார்த்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சடித்தது என்றார். 'விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை' என்கிறார் கடைக்காரர். போலி விற்றதாக வழக்குப் போடலாமா?

பதில்: 'போலி' என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். மரஅச்சு ஓவியத்தைப் பதிப்பகம் பிற்காலத்திலும் மறுபடி அச்சடிக்கலாம்; ஆரம்பத்தில் அச்சடித்ததுதான் 'முதல் அச்சு'. அந்த வட்ட முத்திரை, ஹசுயின் ஓவியங்களை வெளியிட்ட வதனபே பதிப்பகம் 1946 முதல் 1957 வரை பயன்படுத்தியது. ஹசுய் இறந்ததே 1957இல்தான். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஓவியர் உயிரோடு இருந்தபோது அவருடைய பதிப்பகமே அச்சடித்த அசல். போலி என்று ஆரம்பித்தால், கடைக்காரர் ஒரு நிபுணரைக் கூட்டிவந்து 'அசல்தான்' என்று சொல்லவைப்பார். வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

உங்கள் குறை வேறு. ரசீதில் எழுதியது ஒன்று, கையில் தந்தது ஒன்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய சிவில் சட்டத் திருத்தப்படி, பொருளின் வகையோ தரமோ ஒப்பந்தத்தோடு பொருந்தாவிட்டால் மாற்றுப் பொருள் கேட்கலாம். அது நடக்காதபோது விலையைக் குறைக்கச் சொல்லலாம், இல்லை கெடு கொடுத்து ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஆனால் குறை தெரிந்த நாளிலிருந்து 1 வருடத்துக்குள் விற்றவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நண்பர் சொன்ன அன்றே அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. வாய்ப்பேச்சு போதாது. தபால் நிலையத்தில் 'நையோ ஷோமெய்' முறையில் கடிதம் அனுப்புங்கள். என்ன எழுதினீர்கள் என்பதற்குத் தபால்துறையே சாட்சி.

'திரும்ப எடுப்பதில்லை' என்பதற்குப் பயப்பட வேண்டாம். தன் தவறுக்கான பொறுப்பை ஒரு வியாபாரி அப்படி ஒட்டுமொத்தமாகக் கழற்றிவிட நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் இடம் தராது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு வியாபாரியிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஓவியத்தைக் கழுவவோ ஓரம் வெட்டவோ கூடவே கூடாது. வாங்கியபடி திருப்பித் தர முடிய வேண்டுமே!

சரி, கடைக்காரர் மசியவில்லை என்றால்? 6,00,000 யென் வரையிலான பணக் கோரிக்கைக்கு, சிறிய வழக்குகளை விசாரிக்கும் சுருக்க நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு உண்டு. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும் என்பதால் ஆதாரம் அத்தனையும் அன்றே கையில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு கேட்டால் சாதாரண வழக்காக மாறிவிடும்.

ஓவியத்தில் பனியில் குடையோடு நடக்கும் அந்தப் பெண்ணையும் பின்னால் நிற்கும் சிவப்பு வாயிலையும் பிரிய மனமில்லை என்றால், விலைக்குறைப்பையே கேளுங்கள். நான் அதைத்தான் விரும்புவேன். கடிதம் எழுதும் முன், ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 188ஐ அழையுங்கள்.