பதின்மூன்றா, மூன்றா, ஒன்றுமே இல்லையா?

கேள்வி: உலகச் சமயங்கள் பற்றிய நூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் 'யூத மதத்தின் விசுவாசப் பிரமாணங்கள் 13' என்றிருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே ஆசிரியர் '3' என்கிறார். ஓர் அடிக்குறிப்போ அப்படி எதுவுமே கிடையாது என்று அடித்துச் சொல்கிறது. ஆசிரியரைக் கேட்டால் 'நீங்களே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்' என்கிறார். அச்சுக்கு எந்த எண்ணை அனுப்புவது?

பதில்: மூன்றையும் அனுப்புங்கள். திருத்த வேண்டியது 'யூத மதத்தின்' என்ற சொல்லை. அதை எடுத்துவிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கு முன்னாலும் அதைச் சொன்னவரின் பெயரைப் போட்டால் முரண்பாடு தீர்ந்துவிடும். ஏனென்றால் அந்த மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

13 என்பது யூத அறிஞர் மைமோனிடிஸ் சொன்னது. ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் குடியேறி, 1204இல் மறைந்தவர். மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்புக்கு அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில், ஓர் உரை எழுதினார். மிஷ்னாவில் சன்ஹெத்ரின் பகுதியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது: இஸ்ரவேலர் எல்லோருக்கும் வரப்போகும் உலகில் பங்கு உண்டு. உடனேயே விதிவிலக்கும் வருகிறது. இறந்தோர் எழுவார்கள் என்பது தோராவில் (மோசே வழியாக வந்த யூத வேதத்தில்) இல்லை என்பவன், தோரா வானத்திலிருந்து வரவில்லை என்பவன், 'அபிகோரோஸ்' ஆகிய மூவருக்கும் பங்கு கிடையாது. அபிகோரோஸ் என்றால் யார் என்று மிஷ்னா விளக்கவில்லை. ஆகவே உள்ளே யார், வெளியே யார் என்று கோடு கிழிக்கும் வேலை உரையாசிரியரின் தலையில் விழுந்தது. அந்தக் கோடுதான் 13.

பட்டியல் இது: கடவுள் இருக்கிறார், ஒருவர், உடலற்றவர், அனைத்துக்கும் முந்தியவர், அவர் ஒருவரே வணக்கத்துக்கு உரியவர், தீர்க்கதரிசனம் உண்மை, மோசே தீர்க்கதரிசிகளில் தலையாயவர், தோரா கடவுளிடமிருந்து வந்தது, அது மாறாது, மனிதர் செய்வதைக் கடவுள் அறிவார், நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் உண்டு, மெசியா என்ற மீட்பர் வருவார், இறந்தோர் எழுவார்கள்.

பட்டியலை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அதன் கீழே மைமோனிடிஸ் எழுதியதை யாரும் போடுவதில்லை. ஆசையால் தவறி எல்லாப் பாவங்களையும் செய்தவன்கூடத் தண்டனை பெற்றாலும் தன் பங்கை இழக்க மாட்டான். இந்த அடிப்படைகளில் ஒன்றைச் சந்தேகித்தவனோ சமூகத்தைவிட்டே வெளியேறிவிட்டான் என்கிறார். திருடனுக்கு இடம் உண்டு, ஐயப்படுகிறவனுக்கு இல்லை! சாப்பாடு, ஓய்வுநாள், கொடுக்கல் வாங்கல் என்று செயலையே பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஒரு சமூகத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். இடம் கிடைத்தால் இதை நூலில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலைவிட இதுதான் வாசகருக்கு எதையாவது சொல்லும்.

எதிர்ப்பு அவர் காலத்திலேயே எழுந்தது. தம் சட்ட நூலில் கடவுளுக்கு உடல் உண்டு என்பவனையும் அவர் மதமறுப்பாளர் வரிசையில் வைத்தார். தென் பிரான்சில் வாழ்ந்த ஆபிரகாம் பென் டேவிட் அதன்மேல் குறிப்பு எழுதினார்: மைமோனிடிஸைவிடப் பெரியவர்களும் நல்லவர்களும் வேத வரிகளைப் படித்து அப்படி நினைத்திருக்கிறார்களே, அவர்களை எப்படி அப்படி அழைக்கலாம்? கடவுளுக்கு உடல் உண்டு என்று ஆபிரகாம் வாதாடவில்லை. எளிய நம்பிக்கையாளனை வெளியே தள்ளாதே என்கிறார், அவ்வளவுதான்.

3 என்பது ஜோசப் அல்போ என்ற யூத அறிஞருடையது. 1425இல் ஸ்பெயினில் முடித்த நூலில் அவர் வேறொரு கேள்வியை எழுப்புகிறார்: எதை எடுத்துவிட்டால் தோராவே நிற்காது? கடவுள் இருக்கிறார், தோரா அவரிடமிருந்து வந்தது, பரிசும் தண்டனையும் உண்டு. இந்த மூன்று போதும் என்கிறார். மற்றவற்றை அவர் தூக்கி எறியவில்லை. கடவுள் ஒருவர், உடலற்றவர் என்பவை முதல் அடிப்படையிலிருந்து பிறக்கும் வேர்கள். மெசியா ஒரு கிளை. கிளையை வெட்டினால் மரம் சாகாது.

இதன் பின்னால் வரலாறும் இருக்கிறது. 1413-14இல் தோர்தோசாவில் கிறிஸ்தவர்கள் யூத அறிஞர்களை வரவழைத்து நடத்திய நெடும் விவாதத்தில் அல்போவும் இருந்தார். மெசியா வந்துவிட்டாரா என்பதுதான் அங்கே பெரிய வழக்கு. அந்தக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் மெசியாவைக் கிளைக்கு நகர்த்தினால் அது தர்க்கம் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவருடைய ஆசிரியர் ஹஸ்தாய் கிரெஸ்காஸ் வேறு விதமாகப் பிரித்திருந்தார். அதற்குள் போனால் உங்கள் பக்க எண்ணிக்கை கூடிவிடும்.

அடிக்குறிப்பு சொல்வதும் ஆதாரமில்லாததல்ல. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்டபோது வெளியேறிய ஐசக் அபர்பனேல், 1494இல் நேபிள்ஸில் இதற்கென்றே ஒரு நூலை முடித்தார். பெரும்பகுதியில் கிரெஸ்காஸ், அல்போ ஆகியோரின் கண்டனங்களிலிருந்து மைமோனிடிஸைக் காப்பாற்றுகிறார். கடைசியில் ஒரே போடாகப் போடுகிறார்: தோராவில் அடிப்படை என்றும் மற்றது என்றும் பிரிப்பதே தவறு, கடவுள் தந்ததில் பெரியது சிறியது உண்டா? ஆகவே 'ஒன்றுமில்லை' என்றால் நம்ப எதுவுமில்லை என்று பொருளல்ல, எல்லாமே அடிப்படை என்று பொருள். அடிக்குறிப்பில் இந்த அரை வரி இல்லாவிட்டால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

இன்னும் சில திருத்தங்கள். 'விசுவாசப் பிரமாணம்' வேண்டாம். கிறிஸ்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சொல்வது நினைவுக்கு வரும். 'அடிப்படைகள்' போதும். 'நான் முழு நம்பிக்கையுடன் விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கும் பதின்மூன்று வரிகளை மைமோனிடிஸின் மேற்கோளாகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது பிற்காலத்தில் வேறு யாரோ செய்த சுருக்கம், ஜெபப் புத்தகங்கள் வழியாகப் பரவியது. மைமோனிடிஸ் பிறந்த ஆண்டு 1135 என்றிருந்தால் 1138 ஆக்குங்கள். 1168இல் மிஷ்னா உரையை முடித்தபோது தமக்கு வயது முப்பது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய ஹீப்ருப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் எங்காவது வந்தால் 'ராம்பாம்' என்று இரண்டு இடத்திலும் நெடில் போடுங்கள். குறிலில் விட்டால் தச்சரின் பட்டறைக்குப் போய்விடும்.