ஓட்டோ கியர் காரை நியூட்ரல்ல போட்டுக் கயிறு கட்டி இழுக்கலாமா?

தெஹிவளையில நிண்டுபோன காரை இரத்மலானை கராஜ் வரைக்கும் கயித்தால இழுத்தா என்ன, கிட்டத்தானே எண்டு கேக்கிறீங்கள். வேண்டாம். கெரியர் லொறிக்குச் சொல்லுங்கோ, நாலு சில்லும் மேல ஏறட்டும். இப்ப பக்கத்தில ஒரு சொந்தக்காரர் கயித்தோட நிண்டு "நியூட்ரல்ல போட்டாச் சரி" எண்டு சொல்லிக்கொண்டிருப்பார், அவருக்கு ஒரு பிளேன்டீ குடுத்து இருத்துங்கோ.

எனக்கு வாய்ச்சவர் அத்தான். எங்கட ஒழுங்கை வெள்ளவத்தையில கனால் பக்கம், ஒரு மழைக்கு வெள்ளம் பார்க்கிங்குக்குள்ள ஏறிட்டுது, எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கும், ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்கோ, பட்டரி வயரைக் கழட்டுங்கோ எண்டு கராஜ் பாஸ் போன்ல சொல்லிட்டார். அதுக்குள்ள அத்தான் டபிள் கெப்போட வந்து நிக்கிறார். சவூதியில லொறி ஓடினவர், அவருக்கு வாகனத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது. "நாங்கள் பழைய பென்ஸை எல்லாம் இழுத்தே ஸ்டார்ட் பண்ணினனாங்கள் தம்பி" எண்டார். அது பொய்யில்லை, அந்தக் காலத்துச் சில ஓட்டோ கியர் பொக்ஸ்ல சில்லுப் பக்கத்தால ஓடுற இரண்டாவது பம்ப் ஒண்டு இருந்தது. இப்பத்தைய கார்கள்ல அது இல்லை, ஒயில் பம்பை எஞ்சின்தான் சுத்த வேணும். எஞ்சின் நிண்டா ஒயிலும் நிண்டிடும், ஆனா ரோட்டில சில்லு உருண்டா பொக்ஸுக்குள்ள பாதிச் சாமான் சேர்ந்து சுத்தும், ஒயில் இல்லாமலே. நியூட்ரல் எஞ்சினைத்தான் வெட்டி விடும், சில்லை வெட்டி விடாது. என்ட டொயோட்டா ஆக்சியோ கார் சிவிடி வேற, அதில பல்லுச் சில்லுக்குப் பதிலா இருக்கிற பெல்ட்டும் புல்லியும் ஒயில் பிரஷரை நம்பியே இருக்கிற சாமான்.

கீழ வந்து "நான் வருசக்கணக்கா இழுக்கிறன், ஒண்டும் நடக்கேல்ல" எண்டு எழுதப்போற அண்ணாமாருக்கு: டொயோட்டாவே கன மொடலுக்கு மெனுவல்ல வேற வழியில்லாட்டி 30 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழ, 80 கிலோமீற்றர் தூரத்துக்குள்ள எண்டு விட்டிருக்கு, தெரியும். எல்லாக் காருக்கும் அப்பிடி இல்லை. அதோட எஞ்சின் நிண்டா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி இறுகும், காலி ரோட்டில பஸ்ஸுக்கு நடுவில கயித்து நுனியில அந்தக் காரை ஆர் ஓடுறது? அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வச்சிருக்கிறவை இன்னும் கவனம், முன் சில்லு உருண்டா மோட்டரும் சுத்திக் கரண்ட் உண்டாகும், மெனுவல்லயே நெருப்புப் பிடிக்கலாம் எண்டு எச்சரிச்சிருக்கு.

பிறகு இன்சூரன்ஸ்காரர் அனுப்பினது கெரியர் இல்லை, ஒரு பக்கத்தைத் தூக்கிற வண்டி. காரின்ட மூக்கு சுவர்ப் பக்கம், அந்தப் பெடியன் பின்பக்கத்தைத் தூக்க வாறான். முன் சில்லு இழுக்கிற கார் மல்லி (தம்பி), முன்பக்கம்தான் தூக்க வேணும் எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சண்டை. பட்டரி இல்லாததால கியர் லீவர் பார்க்கில லொக். லீவருக்குப் பக்கத்தில ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கெளப்பி, பிரேக்கை மிதிச்சுக்கொண்டு, உள்ள இருக்கிற பட்டனை ஸ்க்ரூ டிரைவரால அமத்தினா லீவர் நியூட்ரலுக்கு வரும். செக்கியூரிட்டி ஐயாவும் நானும் கையால தள்ளி ஒழுங்கையில திருப்பினம். கையால மெதுவாத் தள்ளுறதுக்கு ஒண்டும் ஆகாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டுத்தான் முன்பக்கத்தைத் தூக்க விட்டன், இல்லாட்டி பின் டயர் தேய்ஞ்சுகொண்டே போகும். அத்தான் கயித்தைச் சுருட்டிக்கொண்டு, உனக்குப் படிச்ச திமிர் எண்டிட்டுப் போனார். போகட்டும். 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025ல திறந்த நாட்டில, பஞ்சிகாவத்தையில ஒரு பாவிச்ச கியர் பொக்ஸ் விலை கேட்டுப் பாத்தா ஆருக்குத் திமிர் வராது?

இழுக்கிறதை விட எனக்கு வயித்தெரிச்சல் அந்த ஒழுங்கைதான். பார்க்கிங் இல்லாமலே பிளட் பிளட்டா வித்து, இப்ப இரண்டு பக்கமும் கார், ஒரு கெரியர் உள்ள வர இடமில்லை, அம்புலன்ஸ் வந்தாலும் அதே கதைதான். கார் திருப்பின அந்தக் கொஞ்ச நேரம் கேட்டை மறிச்சனெண்டு எங்கட பிளட் கமிட்டி எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டுக்கு முன்னால வானை விட்டிட்டுப் போற ஆளுக்கு இண்டைக்கு வரைக்கும் ஒரு துண்டும் போகேல்ல. அவர் கமிட்டித் தலைவரின்ட சகலன்.