படகு விலை அதிகம் என்று காசோலையை நிறுத்தாதீர்கள்

கோத்தகிரி வாசகர் ஒருவரின் கேள்வி: பாம்பனில் இருக்கும் மச்சான் ஓட்டுவதற்காக, அவருடைய உறவினரிடம் பழைய ஃபைபர் படகை இன்ஜினோடு 4,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2,70,000 கொடுத்தாயிற்று. மீதிக்கு 75,000 வீதம் இரண்டு காசோலைகள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு மெக்கானிக், ‘இன்ஜின் பிளாக் வெல்டிங் வைத்தது, எல்லாம் சேர்த்து 2,50,000 கூடப் பெறாது’ என்கிறார். மச்சானும் உடந்தையோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. காசோலையை நிறுத்திவிட்டு மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: மச்சான் உடந்தையா, சொந்தக்காரர் இப்படிச் செய்யலாமா என்பதையெல்லாம் நீதிமன்றம் கேட்காது. விலை அதிகம் என்பதும் தனியாக வழக்காகாது. மனமொத்துச் செய்த ஒப்பந்தம், விலை பொருந்தவில்லை என்பதால் மட்டும் செல்லாமல் போகாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவே சொல்கிறது.

இன்ஜினைப் பற்றி விற்றவர் என்ன சொன்னார்? அதுதான் கேள்வி. அவர் எதுவும் சொல்லவில்லை என்றால், ‘வாங்கும்போதே மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாமே’ என்று உங்களைத்தான் கேட்பார்கள். ‘இன்ஜினைத் திறந்ததே இல்லை’ என்று தெரிந்தே பொய் சொல்லி, அது வாட்ஸ்அப் குரல்பதிவாக இருந்தால் நிலைமை வேறு. ஃபோனைத் தேடிப் பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

எனக்குப் பயம் காசோலையில்தான். பணம் இருந்தும் நீங்களே வங்கியில் நிறுத்தச் சொன்னாலும் காசோலை பணமாகாமல் திரும்பினால் வரும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவு பாயும். உச்ச நீதிமன்றம் 1998-லேயே இதைச் சொல்லிவிட்டது. விற்றவர் அனுப்பும் நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் நீங்கள் குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். இரண்டு வருடம் வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். கடன் இருந்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். அதைவிட, 2015 திருத்தத்துக்குப் பிறகு வழக்கு நடப்பது விற்றவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை உள்ள ஊர்ப்பக்கம். அதாவது ராமநாதபுரம் மாவட்டம். என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர் பழைய பிக்கப் வண்டிக்கு இதே கோபத்தில் காசோலையை நிறுத்தினார். இரண்டு வருடம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின இரவே மலையிறங்கி பஸ் ஏறினார். தேயிலை பறிக்கிற நாளெல்லாம் போயிற்று. கடைசியில் முழுப் பணமும் கட்டினார். வண்டியில் குறை இருந்தது உண்மைதான், ஆனால் அதைப் பேசும் தெம்பு அதற்குள் அவருக்குத் தீர்ந்துவிட்டது.

போலீஸ் புகாரும் இப்போது வேண்டாம். ‘சிவில் விவகாரம்’ என்று எழுதி முடித்தால் அந்தத் தாளையே விற்றவர் உங்களுக்கு எதிராக நீட்டுவார்.

சமாதானமாகப் போங்கள். பாம்பன் பக்கத்திலேயே, இவர்களுக்கு வேண்டியவர்கள் அல்லாத இரண்டு பேரைக் கூட்டி வந்து படகுக்குத் தனியாக, இன்ஜினுக்குத் தனியாக விலை எழுதி வாங்குங்கள். ஃபைபரைத் தட்டினால் சில இடத்தில் சத்தம் மந்தமாக வரும்; அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம், அதையும் குறிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் எண்ணும் மீன்வளத் துறைப் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள். வேறாக இருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கிவிடும். அப்புறம் மச்சானையே நடுவில் உட்காரவைத்து, இரண்டாவது காசோலையைத் திருப்பிக் கேளுங்கள். 75,000 குறைந்தால் ஒத்துக்கொள்ளுங்கள்; இன்னும் இழுக்காதீர்கள். காசோலைத் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும், வாய்வார்த்தை போதாது. பதிவு மாற்றத்துக்கும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதல் காசோலையின் தேதிக்குள் இது முடியாவிட்டால், கணக்கில் 75,000 இருக்கட்டும்.