முன்பல்லில் ஒட்டிய செராமிக் வெனீர் ஏன் கழன்று விழுகிறது?
பென்னாகரத்தில் ஒட்டிய வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) மூன்றே மாதத்தில் விழுந்துவிட்டது, பசை மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பசையைத் திட்டுவதற்கு முன் விழுந்த துண்டின் உட்புறத்தைப் பாருங்கள். சிமெண்ட் (அதுதான் ஒட்டும் பசை) பல்லிலேயே தங்கி, துண்டு மட்டும் வெறுமையாக வந்திருந்தால் செராமிக் பக்கத்து வேலையில்தான் கோளாறு.

வெனீர் லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக்கால் செய்தது என்றால் அதில் கண்ணாடி இருக்கிறது. 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை 20 நொடி வைத்தால் அந்தக் கண்ணாடி கரைந்து கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், அப்புறம் தடவும் சிலேன் என்ற இணைப்புத் திரவம் ஒரு கையால் செராமிக்கில் உள்ள சிலிக்காவையும் மறு கையால் சிமெண்டில் உள்ள ரெசினையும் பிடித்துக்கொள்ளும். சிர்கோனியா என்ற இன்னொரு வகைச் செராமிக்கில் கண்ணாடியே இல்லை, இந்த வித்தை அங்கே பலிக்காது. அலுமினா பொடியை அடித்துச் சொரசொரப்பாக்கி, எம்டிபி (சிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) உள்ள பிரைமர், அதாவது முதல் பூச்சு, போட வேண்டும். பொருத்தம் பார்க்கும்போது பட்ட எச்சிலைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஒட்டினாலும் பிடிப்பு போய்விடும் (பலர் கோட்டை விடுவது இங்கேதான்).

சிமெண்டும் துண்டோடு வந்துவிட்டதா? அப்படியானால் பல் பக்கம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்துக் கறை ஏறிய எனாமல், ஒட்டும் முன் பல்லைச் சொரசொரப்பாக்கத் தடவும் பாஸ்பாரிக் அமிலத்துக்கு லேசில் மசியாது; மேல்படலத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டோ, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோதான் ஒட்ட வேண்டியிருக்கும். துண்டு உடையவில்லை என்றால் ஒரு டப்பாவில் போட்டுப் பல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், வீட்டில் ஃபெவிகுவிக் வேலையெல்லாம் வேண்டாம்.