தினமும் ஓடும் வேகக் காருக்கு எந்த டயர்?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 41,000 கி.மீ. ஓடிவிட்டது, காரோடு வந்த டயர்கள் தேய்ந்துவிட்டன. தினமும் அவிநாசி சாலை வழியாக அலுவலகம், மாதத்தில் ஓரிரு முறை வால்பாறை அல்லது ஊட்டி. பந்தயக் கார் போலப் பிடிக்கும் ஸ்போர்ட் டயர் போடச் சொல்கிறார் நண்பர். 17 அங்குல அலாய் சக்கரத்துக்கு மாறச் சொல்கிறார் டயர் கடைக்காரர். 60,000 கி.மீ. ஓடுவது எதுவோ அதை வாங்கச் சொல்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவரில் நண்பர் சொல்வதில்தான் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் காய்ந்த சாலையை நினைத்துச் சொல்கிறார். உங்கள் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது நினைக்கவேண்டியது நனைந்த சாலையை.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல நிறுவனத்தின் சாதாரண டயர்கூட, பொதுச்சாலையில் நீங்கள் பயன்படுத்தக்கூடிய அளவைவிட அதிகமாகவே பிடிக்கும். ஸ்போர்ட் டயரின் மிச்சப் பிடிப்பை முழுதாக அனுபவிக்கவேண்டுமானால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களுக்குத்தான் போகவேண்டும். மழை பெய்த சாலையில் நிலைமை வேறு. அங்கே ஒரு டயருக்கும் இன்னொரு டயருக்கும் இடையே பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில் பல மீட்டர் வித்தியாசம் வரும். 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாகவே சாலைக்குப் போகும் கார் உங்களுடையது. ஈரச் சாலையில் சிக்னலிலிருந்து கொஞ்சம் அவசரமாகக் கிளம்பினாலே முன்சக்கரம் வழுக்கிச் சுழன்று, டாஷ்போர்டில் சறுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையில்தான் தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பாதையில் இறங்கும்போது உங்களைக் காப்பாற்றுவது குதிரைத்திறன் அல்ல.

ஈரப் பிடிப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது ரப்பர்க் கலவை. முன்பு வலுவூட்டக் கார்பன் கரியை மட்டுமே கலந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மிஷலின் சிலிக்கா கலந்த கார் டயரைக் கொண்டுவந்தது. ஈரத்தில் பிடிப்பும் கூடியது, உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறைந்தது. அதுவரை இந்த இரண்டில் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கவேண்டியிருந்தது. இன்று நல்ல டயர்கள் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. எவ்வளவு, எந்த ரப்பரோடு என்பதில்தான் விலை வித்தியாசம் பெருமளவு ஒளிந்திருக்கிறது. இரண்டாவது, டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டிகளுக்கு, அதாவது பட்டன்களுக்கு, இடையே ஓடும் பள்ளங்கள். தேங்கிய நீரை இவை வெளியே தள்ளமுடியாத வேகத்தில் போனால் டயர் தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக் அழுத்தினாலும் பயன் இருக்காது. புதிய டயரில் பள்ளம் 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். 1.6 மி.மீ. வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. மலைக்குப் போகும் காரில் நான் 3 மி.மீ.க்குக் கீழே விடமாட்டேன். பள்ளத்துக்குள் சிறு மேடுகளாகத் தெரியும் தேய்மானக் குறியோடு பட்டன் சமமாகும்வரை காத்திருப்பது சட்டப்படி சரி. அடைமழையில் அது மொட்டை டயர்தான்.

இப்போது மாமனாரின் 60,000. நீண்ட ஆயுள் தரும் கலவை கடினமாக இருக்கும்; கடினமான ரப்பர் ஈரச் சாலையின் சொரசொரப்புக்குள் நன்றாகப் பதியாது. பொறியாளர்கள் இந்த முரணை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார்கள், ஆனால் அது மறைந்துவிடவில்லை. சில டயர்களின் பக்கச்சுவரில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். இது அமெரிக்க அரசு வகுத்த முறை. 100 என்பது ஒப்பீட்டு டயர், 400 என்றால் சோதனைப் பாதையில் அதைப்போல நான்கு மடங்கு தாங்கியது என்று பொருள். இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தானே போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். வெவ்வேறு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிட அதிகம் நம்பவேண்டாம். அதே வரியில் வரும் 'டிராக்‌ஷன்' தரத்தில் ஏஏ, ஏ இரண்டில் ஒன்று இருந்தால் நல்லது. அது ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது, வளைவில் திரும்புவதை அல்ல. நம் நாட்டு நட்சத்திர முத்திரையைக் காட்டிச் சில கடைகளில் 'ஐந்து நட்சத்திர டயர் சார்' என்பார்கள். அந்த நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஈரத்தில் எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது.

கடைக்காரரின் 17 அங்குல யோசனைக்குக் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். உங்கள் டயர் 205/55 ஆர்16. அகலம் 205 மி.மீ., அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மாற்று 225/45 ஆர்17. மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான்: 632க்குப் பதில் 634 மி.மீ. ஆகவே வேகமானி பெரிதாகத் தவறாது. ஆனால் பக்கச்சுவர் 101 மி.மீ.க்கு இறங்கிவிடும். குறைவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்தான். பாதாள சாக்கடைப் பணிக்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் 60 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்த ஒரு சென்டிமீட்டர்தான். ரிம் வளையும், அல்லது உள்ளே நூல் அறுந்து பக்கச்சுவரில் புடைப்பு வரும். புடைத்த டயரைத் தூக்கிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை. 225 டயருக்குக் குறைந்தது 7 அங்குல அகல ரிம்மும் வேண்டும், ஆக நான்கு அலாய்களும் புதிதாக வாங்கவேண்டும். கனமான சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கட்டுப்படுத்தவும் சிரமப்படும். இத்தனைக்கும் மேல், அகலமான டயர் தேங்கிய நீரில் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். காய்ந்த சாலையில் திருப்பம் கூர்மையாகும் என்பது உண்மை, பார்க்கவும் அழகு. அந்தப் பணத்தில் ஒரு படி உயர்ந்த டயரை 16 அங்குலத்திலேயே வாங்கினால் காய்ந்த சாலை, நனைந்த சாலை இரண்டிலும் லாபம். 215/55 போடச் சொன்னால் அதுவும் தேவையில்லை.

அளவை அடுத்து வரும் 91வி என்பதையும் விட்டுவிடாதீர்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ சுமக்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும். யாரும் அவ்வளவு வேகம் போகப்போவதில்லைதான். ஆனால் அந்த எழுத்து டயர் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அடையாளம். ஏப்ரல் மாதச் சேலம் நெடுஞ்சாலையில் நான்கு பேரும் பெட்டிகளுமாகப் போகும்போது அது வேலைக்கு வரும். மேலே போகலாம், எண்ணிலும் எழுத்திலும் கீழே இறங்கக் கூடாது.

சரி, எதை வாங்குவது? சந்தையில் உங்களுக்கு மூன்று தட்டுகள் இருக்கின்றன. சொகுசுத் தட்டில் மிஷலின் பிரைமசி 4 எஸ்டி, யோகோஹாமா அட்வான் டிபி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை. சத்தம் குறைவு, குலுக்கல் குறைவு, ஆயுள் நன்று. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் பதில் சொல்வதில் ஒரு சிறு தயக்கம் இருக்கும். ஸ்போர்ட் தட்டில் மிஷலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, குட்இயர் ஈகிள் எஃப்1, அப்போலோ 2009இல் வாங்கிய டச்சு நிறுவனமான விரெடெஸ்டைனின் அல்ட்ராக் வரிசை. பிடிப்பு அபாரம், தேய்மானமும் சாலைச் சத்தமும் கூடுதல். இரண்டுக்கும் நடுவே ஆசிய பசிபிக் சாலைகளை மனத்தில் வைத்து உருவான கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் போன்றவை.

உங்கள் ஓட்டத்துக்கு என் தேர்வு அந்த நடுத்தட்டு. அல்ட்ராகான்டாக்ட் உங்கள் அளவில் புதிய தயாரிப்பாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வாரநாள் நெரிசலில் அமைதியே பெரிது என்று வீட்டில் சொன்னால் பிரைமசி. அதன் ஈரப் பிரேக்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைப்பாதைதான் இந்தக் காரை வாங்கியதற்கே காரணம் என்றால் நண்பர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அடுத்த செட் டயருக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். 'ஆல் சீசன்' டயர் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது உறைபனி நாடுகளுக்கான சமரசம். ஊட்டியில் டிசம்பர் விடியலில் பனி உறைந்தாலும் அதற்காக ஆண்டு முழுவதும் அதை ஓட்டத் தேவையில்லை. அந்த ஒரு காலை மெதுவாகப் போனால் போதும்.

நல்ல டயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பழைய சரக்கை வாங்கிவருவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 1825 என்றால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்துத் தயாரிப்பு. ஆறு மாதத்துக்குள் தயாரானதைக் கேளுங்கள். நான்கு டயரையும் பாருங்கள். மூன்று புதிது, ஒன்று இரண்டு வருடம் பழையது என்று கலந்து தருவதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பொருத்தும்போது அருகில் நில்லுங்கள். பல டயர்களில் 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்து வெளியே தெரியவேண்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் கார் முன்னே ஓடும்போது சக்கரம் அந்தத் திசையில் சுழலவேண்டும். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இப்போது இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே என்று கடையில் வாதாடுவார்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். உங்கள் விஷயத்தில் நான்கையும் மாற்றிவிடுவதே சரி. அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்டயர்கள் வேகமாகத் தேயும்.

நைட்ரஜனுக்குப் பணம் கொடுக்கவேண்டாம். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காற்று எவ்வளவு என்பது காரிலேயே ஸ்டிக்கரில் இருக்கிறது, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ பாருங்கள். காலையில் கார் கிளம்புமுன் அளப்பதே சரியான அளவு. ஓடிச் சூடான டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஊட்டிக்கு ஏறியதும் சரிபார்க்கவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். குளிர் அழுத்தத்தைக் குறைக்கும், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி சற்று அதிகம் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அங்கே தொடவேண்டாம்.

பஞ்சரானால் வெளியிலிருந்து ரப்பர் திரி செருகுவது வீடுவந்து சேர உதவும். இந்த வேகத்துக்கான டயரில் அதோடு விட்டுவிடாமல், ரிம்மிலிருந்து கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச், அதாவது காளான் வடிவ ஒட்டு, போடச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் ஆணி ஏறினால் ஒட்டவே கூடாது.

புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பின்போது பூசிய பொருளின் மிச்சம் இருக்கும், பட்டன்களும் முழு உயரத்தில் நெளியும். முதல் 300 கி.மீ.யை அவிநாசி சாலையிலேயே நிதானமாக ஓட்டிமுடித்து, காற்றை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வால்பாறைக்குக் கிளம்புங்கள்.