சோலைக்குள் பதினொரு மணி வெயில்

அன்புள்ள சார்,

போன மாதம் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் சோலையில் மரங்களைப் படம் எடுத்தேன். காலை 11 மணி, நல்ல வெயில். நூற்றுக்கு மேல் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. மரம் சரியாக வந்தால் இலைகளுக்கு நடுவே தெரியும் வானம் வெள்ளைவெளேரென்று போய்விடுகிறது. வானத்தைச் சரிசெய்தால் மரம் கரிக்கட்டை. வெளிச்ச அளவை மாற்றி மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒன்றாக இணைத்தால் பிளாஸ்டிக் மரம் போல வருகிறது. இத்துடன் ஐந்து படங்களை அனுப்பியிருக்கிறேன். என் கேமரா பழையது. புதிது வாங்கினால் சரியாகுமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

வாங்க வேண்டாம். அந்தக் காசில் கனமான ஒரு ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) வாங்குங்கள். மிச்சத்தில் நாலைந்து தடவை கொடைக்கானல் போய்வரலாம்.

நிழலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் வெயிலைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு ஒரே வாய்ப்புதான். வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டருக்கோ முன்னால் இருப்பது காடா கல்யாண மண்டபமா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் ஏறக்குறைய நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பாசி படிந்த கறுத்த அடிமரம் சட்டம் முழுக்க நின்றால் அதை வெளுக்க வைக்கும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். மஞ்சு (மூடுபனி) இறங்கினால் நேர்மாறு. வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று பலரும் அங்கே குறைக்கிறார்கள், மஞ்சு அழுக்குத் துணி நிறத்தில் வந்து நிற்கிறது. முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

வெயிலும் நிழலும் கலந்து கிடக்கும்போது வெயில் பட்ட இலையைக் காப்பாற்றுங்கள். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுத்தால் நிழலை வீட்டில் கணினியில் ஓரளவு வெளிச்சமாகத் தூக்கிவிடலாம். வெள்ளையாக வெந்துபோன இடத்தில் தூக்க எதுவும் இருக்காது. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். சோலை மரங்களின் தளிர் சிவப்பாக இருக்கும். ஒருமுறை காலை முழுக்க அதைத்தான் எடுத்தேன். பொது ஹிஸ்டோகிராமில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்பு மட்டும் உச்ச எல்லையில் முட்டிப்போய், இலையில் ஒரு நரம்பு தெரியவில்லை, பெயின்ட் அடித்த மாதிரி. பின்னாலிருந்து வெயில் ஊடுருவும் தளிர் என்றால் இன்னும் மோசம்.

இலையிடுக்கில் தெரியும் வானத்துக்கு எக்ஸ்போஷரில் மருந்து இல்லை. நிற்கும் இடத்தை மாற்ற வேண்டியதுதான். ஸ்லைடு பிலிம் காலத்தில் வெல்வியா 50 போட்டு எடுத்தவன் நான். அரை ஸ்டாப் பிசகினால் படம் போச்சு, சுருளுக்கு 36தான். அந்தக் கஞ்சத்தனத்தில் கற்றது இது: கீழே நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். சரிவில் கொஞ்சம் மேலே ஏறி, எதிர்ச் சரிவு மரத்துக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள். வானம் தானாக வெளியே போய்விடும். எங்காவது ஒரு பொத்தல் தெரிந்தால் பக்கத்து மரத்தின் தண்டால் அதை அடைக்கலாம்.

இணைப்பது பற்றி. மூன்று படத்துக்குள் காற்று இலையை மூன்று இடத்தில் வைத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, எல்லா நிழலையும் தூக்கிவிட்டால் அது சோலையாகவே இருக்காது. உள்ளே இருட்டாக இருப்பதால்தானே அங்கே போகிறோம்?

அப்புறம் நேரம். மழை விட்ட கையோடு, மேகம் மூடியிருக்கும்போது போங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். நனைந்த இலை வானத்தைப் பிரதிபலித்து வெளுப்பாக மினுங்கும். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அதை அடக்கும், ஆனால் ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கும். ஷட்டர் அரை விநாடி திறந்திருக்க வேண்டிவரும், அதற்குத்தான் ட்ரைபாட். காற்றடித்தால் இலை அசையும், ஷட்டரை வேகமாக்க ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 800க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

நீங்கள் அனுப்பியதில் நான்காவது படம், மரம் கரிக்கட்டையாகி, அடியில் ஒரு பெரணி இலை மட்டும் வெயிலில் நிற்கிறதே, அதை அழித்துவிடாதீர்கள். நானாக இருந்தால் இன்னும் அரை ஸ்டாப் குறைத்திருப்பேன்.