அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு வந்திருக்கும் கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் கருவி) சிகிச்சை பழுதான மரபணுவைச் சரிசெய்கிறதா?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சை, பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை.

கருவில் இருக்கும்போது நம் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் (சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம்) இருக்கும். பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கி, பெரியவர்களுக்குரிய வகை வந்துவிடும். நோய்க்குக் காரணமான பழுது இந்த இரண்டாவது வகையில்தான். ஆக்ஸிஜனை இறக்கிவிட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாக நீளும். சிவப்பணு வளைந்து, விறைத்து, நுண்ணிய ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். அந்த வலி சாதாரணமானதல்ல.

சரி, பழைய வகையை அடக்கி வைப்பது எது? பிசிஎல்11ஏ என்ற மரபணு. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்களை) வெளியே எடுத்து, சிவப்பணுக்களில் அந்த மரபணு வேலை செய்யத் தேவையான ஒரு சிறு பகுதியை மட்டும் கிரிஸ்பர் வெட்டுகிறது. செல் அந்த வெட்டை அரைகுறையாக ஒட்டும். அதுவே போதும், கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாகும். உடம்பு ஏற்கெனவே அறிந்த ஒன்றைத் திரும்ப எழுப்பும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலித்தாக்குதல் வரவில்லை.

ஆனால் திருத்திய செல்களை ஏற்றும் முன், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களைக் கடுமையான கீமோதெரபியால் அழிக்க வேண்டும். அது குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம். இளம் வயதினர் இதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.